பார்க்க இயலாதவருக்காகப் பார்ப்பவர்



ஒரு பங்கில் ‘நல்ல தொண்டை உள்ளவர்’ என்று ஒருவர் பெயர் வாங்கிவிட்டால், அதன் பின் அவருக்கு ஓய்வே கிடையாது. ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் அவருடையது. தேர்த் திருவிழாவில் காணாமற்போன குழந்தையின் சட்டை நிறத்தை அறிவிப்பவர் அவரே. அசன விருந்துக்கு வரிசையாக வரச் சொல்லுபவரும், விருந்து முடிந்தபின் மறந்துபோன குடைக்கு உரியவரைத் தேடுபவரும் அவரே. ஓசூரில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய ஆண்டுகளில் அந்தப் பெயர் எனக்கும் வாய்த்தது. அதன் பயனாகப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் மைக்கைப் பிடிக்கும் பொறுப்பும் என்னை வந்து சேர்ந்தது.

அந்நாட்களில் அதை நான் ஒரு பொறுப்பாகவே கருதியதில்லை. அது ஒரு பெருமை, ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. அது எத்தகைய பொறுப்பு என்பதை ஒரு பெரியவர் ஒரே கேள்வியில் எனக்கு உணர்த்தினார். அந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஓசூரின் இயல்பை நம் மறைமாவட்ட வாசகர்களுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து இவ்வூரின் காலை, ஆலைச் சங்கோடுதான் விடிகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சந்தையில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார்; கடைக்காரர் கன்னடத்தில் சொல்வார்; பேரம் தமிழில் முடியும். சில கல் தொலைவு நடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். நம் பெண்களை அங்கே மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து மருமகள்களை அழைத்து வந்திருக்கிறோம். ஆயினும் அந்த எல்லைக் கோடு சில வேளைகளில் மதிலாக எழுந்து நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். காவிரி நீரை முன்னிட்டு 1991-லும் 2016-லும் கலவரம் மூண்ட நாட்களை யார் மறக்க முடியும்? 2016 செப்டம்பரில் பேருந்துகள் எல்லையிலேயே நின்றுவிட, முதியோரும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடந்தனர். வாயிலிருந்து புறப்படும் ஒரு சொல் இங்கே தீப்பொறியாகவும் ஆகலாம், தண்ணீராகவும் ஆகலாம்.

அத்தகைய ஊரில் ஒரு மாலை. ஆண்டுதோறும் நடைபெறும் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையிலான அழைப்புக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஓர் அணி எங்கள் ஊர்ப் பள்ளியினுடையது. மற்றது எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பள்ளியினுடையது. முந்தைய ஆண்டும் இவ்விரு அணிகளே மோதின; அப்போது அவர்கள் வென்று கோப்பையை எடுத்துச் சென்றிருந்தனர். ஆகவே இம்முறை களத்தைச் சுற்றிலும் நிற்க இடமில்லை. முதல் ஷிப்ட் முடித்துச் சீருடையோடு நேரே வந்துவிட்ட தொழிலாளத் தந்தையர் ஒருபுறம்; சைக்கிள் கேரியரில் ஏறி நின்ற சிறுவர் ஒருபுறம். குளிர்ந்த காற்று வீசினாலும் களம் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் வருணித்தேன். எப்படி வருணித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன் கூடையில் பந்தைப் போட்டால் அவன் பெயர், வகுப்பு, அவன் துள்ளிய அழகு, அவனைப் பெற்ற வயிற்றின் பேறு, எல்லாம் ஒலிபெருக்கியில் முழங்கின. எதிரணி போட்டால், “எதிரணிக்கு இரண்டு புள்ளிகள்” என்பதோடு சரி. மிஞ்சினால், “ஏழாம் எண் ஆட்டக்காரர்” என்பேன். அவர்கள் தவறியபோதோ என் குரலில் ஒரு குறும்புச் சிரிப்பு ஏறிக்கொண்டது. அதற்குக் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் பெருகியது. முடிவில் எங்கள் பள்ளி வென்றது. “சார் இன்றைக்குக் கலக்கிவிட்டார்” என்று பலர் என் முதுகில் தட்டினர்.

மைக்கை அணைத்துவிட்டுப் புறப்படும் வேளையில், ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தின் அடியிலிருந்து ஒரு பெரியவர் கோலை ஊன்றித் தடவியபடி என்னை நோக்கி வந்தார். எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். ஆலையில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோயால் இரு கண்களிலும் பார்வையை இழந்தவர். ஆட்டம் நடந்த நேரம் முழுவதும் அந்தக் கம்பத்தடியில் தனியே அமர்ந்திருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

“சார், என் பேரன் இன்னிக்கு ஆடினானா?” என்று கேட்டார்.

“எந்தப் பேரன், ஐயா?”

“மக வயித்துப் பேரன். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கிறான். ஆட வர்றேன் தாத்தான்னு சொல்லிவிட்டிருந்தான். கடைசி வரைக்கும் காது குடுத்துக் கேட்டேன். ஒரு தடவைகூட அவன் பேரு விழலியே? உக்கார வெச்சுட்டாங்களா?”

பெயரைக் கேட்டேன். ஆட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏழாம் எண். அவ்வணி எடுத்த 52 புள்ளிகளில் 19 அவன் எடுத்தவை. களத்தில் இருந்த எவரையும்விட மிகுதி.

“ஆடினான், ஐயா. ஏழாம் எண் என்று சொன்னேனே...” என்று இழுத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. “நம்பரு எனக்கு எப்படித் தெரியும் சார்? பேரு சொன்னாத்தானே அவன் என் பேரன்?” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொய் ஒன்றும் நான் சொல்லவில்லை. புள்ளிக் கணக்கைத் தவறாக அறிவிக்கவில்லை. ஆயினும் ஒரு தாத்தாவுக்கு அவருடைய பேரனை இல்லாமற் செய்துவிட்டேன். ஆயிரம் பேர் கண்ணால் கண்ட ஆட்டத்தை அவர் என் வாயால் மட்டுமே கண்டார். அவருக்குப் பாதிக் களத்தைத்தான் நான் காட்டினேன்.

அதன் பிறகே இந்த வருணனைத் தொழில் எப்படிப் பிறந்தது, அதில் பெயர் பெற்றவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது.

இங்கிலாந்து நாட்டில் பி.பி.சி. வானொலி முதன்முதலாக ஒரு விளையாட்டை நேரே வருணித்து ஒலிபரப்பியது 1927 ஜனவரி 15-ஆம் நாள். லண்டனை அடுத்த டுவிக்கன்ஹாம் திடலில் இங்கிலாந்தும் வேல்சும் மோதிய ரக்பி ஆட்டம் அது. வருணனையாளர் டெடி வேக்லம். தாமே முன்னாள் ரக்பி ஆட்டக்காரர். முன்மாதிரி ஏதும் இல்லாத பணி. எப்படிப் பேசுவது, யாரிடம் பேசுவது? ஒலிபரப்பாளர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கான புனித டன்ஸ்டன் இல்லத்திலிருந்து பார்வையற்ற ஒருவரை அழைத்து வந்து வருணனையாளருக்கு அருகில் அமர்த்தினர். “இவருக்குச் சொல்லுங்கள், அது போதும்” என்பதே அவருக்குத் தரப்பட்ட அறிவுரை. தகாத சொல் வாய் தவறியும் வரலாகாது என்று ஓர் அறிவிப்பு அட்டையையும் கண்ணெதிரே மாட்டி வைத்திருந்தனராம்!

எண்ணிப் பாருங்கள். விளையாட்டு வருணனை என்னும் கலை அந்நாட்டில் பிறந்தபோதே அதன் அருகில் பார்வையற்ற ஒருவர் அமர்ந்திருந்தார். எனக்கு அருகிலும் ஒருவர் அமர்ந்திருந்தார். வேக்லம் அவரை அறிந்திருந்தார், நான் அறியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டில் கிரிக்கெட் வருணனையைத் தொடங்கிவைத்தவர் ‘பாபி’ தலயார்கான். 1934-இல் பம்பாயில் அவர் குரல் ஒலித்தது. நாள் முழுவதும் தனி ஒருவராகவே பேசும் வல்லமை அவருக்கு இருந்தது. தமிழில் அக்கலையை வளர்த்தவர்களுள் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரை வானொலி நேயர்கள் நன்கு அறிவர். 2020-இல் மறைந்த அப்பெருமகனார், அகில இந்திய வானொலியில் கிரிக்கெட் ஆட்டங்களைத் தெளிந்த தமிழில் வருணித்துப் புகழ் பெற்றவர். கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டறியாத சிற்றூர் மக்களும் தேநீர்க் கடை வானொலியைச் சூழ்ந்து நின்று அவ்வாட்டத்தைப் புரிந்துகொண்டது இத்தகைய குரல்களால் அன்றோ?

அமெரிக்காவில் ரெட் பார்பர் என்றொருவர் இருந்தார் (1908-1992). நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஒரு பேஸ்பால் அணியின் ஆட்டங்களை வானொலியில் வருணித்தவர். அவர் தம் மேசைமீது முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் கீழே இறங்கியதும் புள்ளி நிலவரத்தைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். ஏன்? அந்த நிமிடத்தில்தான் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் வானொலியைத் திருப்பியிருப்பார். அவரும் நிலவரத்தை அறிய வேண்டும் அல்லவா? காணாத ஒருவர்மீது கொண்ட அக்கறைக்கு இதைவிட எளிய அடையாளம் உண்டோ?

அவர் வாழ்வில் அதைவிடப் பெரிய சோதனை ஒன்றும் வந்தது. அக்காலத்தில் அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1945-இல் அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, “நம் அணியில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்கப் போகிறேன்” என்று பார்பரிடம் தனியே தெரிவித்தார். பார்பர் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, தென் மாநிலச் சூழலில் வளர்ந்தவர். நிறத்தால் மனிதரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர் இரத்தத்தில் ஊறியிருந்தது. வீடு திரும்பியதும் வேலையை விட்டுவிடப் போவதாக மனைவியிடம் சொன்னார். இன்றிரவே முடிவு செய்ய வேண்டியதில்லை என்று மனைவி அவரை அமைதிப்படுத்தினார். நாட்கள் சென்றன. அவர் தம்மைத்தாமே ஆராய்ந்தார். களத்தில் யார் ஆட வேண்டும் என்று தீர்மானிப்பது தம் வேலையன்று. நடப்பதை நடந்தபடி சொல்வதே தம் வேலை என்னும் தெளிவுக்கு வந்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது, மற்ற ஆட்டக்காரரைப் போலவே அவரையும் வருணித்தார். பார்பரின் குரலில் அந்த இளைஞருக்கு எந்தச் சலுகையும் இல்லை. எந்தக் குறைப்பும் இல்லை. பல்லாயிரம் இல்லங்களில் வெறுப்பை மூட்டியிருக்கக்கூடிய அந்தக் குரல், நேர்மையால் வெறுப்புக்கு விறகு தர மறுத்தது.

இதைப் படித்தபோது எனக்கு அத்திப்பள்ளியின் எல்லைக் கோடு நினைவுக்கு வந்தது. ‘எதிரணி’ என்று மட்டும் சொல்லி நான் கடந்துபோன அந்தப் பையன்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களுள் எத்தனை பேருக்கு இந்தப் பக்கத்தில் தாத்தாவும் பாட்டியும் இருந்தார்களோ!

கூடைப்பந்து ஆட்டம் பிறந்த கதையும் இங்கே எண்ணத் தகும். அதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இறையியல் கற்றுத் தேறிய பின்னர் உடற்பயிற்சி ஆசிரியரானவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்கால முடக்கத்தால் பொறுமை இழந்து முரண்டு பிடித்த ஒரு வகுப்புக்காக, மோதலும் முரட்டுத்தனமும் குறைந்த ஆட்டம் ஒன்றை அவர் உருவாக்க வேண்டியிருந்தது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். 13 விதிகளை எழுதினார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது என்பது அவற்றுள் தலையாயது. ஓட முடியாதவன் என்ன செய்வான்? தோழனுக்குத்தான் கொடுக்க வேண்டும். பகிர்ந்து கொடுப்பதையே அடிப்படையாக வைத்து அமைந்த ஆட்டம் இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் வாயிலாக நவீன ஆட்டங்கள் பல நம் பள்ளித் திடல்களை அடைந்தன. முரட்டுத்தனத்தைத் தணிக்கப் பிறந்த ஆட்டத்தின் ஓரத்தில் அமர்ந்துகொண்டு, ஒலிபெருக்கியால் நான் முரட்டுத்தனத்தை வளர்த்திருக்கிறேனே என்று வெட்கினேன்.

அடுத்த ஆண்டும் அதே போட்டி வந்தது. மைக்கும் என்னிடமே வந்தது. இம்முறை ஒரு மணி நேரம் முன்னதாகவே களத்துக்குச் சென்றேன். இரு அணியின் பயிற்சியாளர்களிடமும் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பையன்களை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் பெயரை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, தமிழில் எழுதிக்கொண்டேன். என் நாக்கில் பிறழ்ந்த இரண்டொரு பெயர்களை அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தினர். அவர்களை வரவேற்கக் கன்னடத்தில் இரண்டு வாக்கியங்களை ஒரு நண்பரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். பிறகு அந்தப் பெரியவரின் வீட்டுக்கு ஆளனுப்பி அவரை அழைத்து வரச் செய்து, என் நாற்காலிக்கு அருகிலேயே ஒரு நாற்காலி போட்டு அமர்த்தினேன். “ஐயா, உங்களுக்குத்தான் சொல்லப் போகிறேன். விளங்காவிட்டால் என் கையைத் தட்டுங்கள்” என்றேன்.

கூடைப்பந்தை வருணிப்பது எளிதன்று. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் பத்துப் பேர் ஓயாது ஓடுகின்றனர். பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் அதை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் பந்து மறுமுனைக்குப் போய்விடும். அலங்காரத்துக்கு அங்கே நேரமில்லை. யாரிடம் பந்து, எந்தப் பக்கம், யாருக்குக் கொடுத்தான், போட்டானா, தவறினானா, புள்ளி எவ்வளவு, நேரம் எவ்வளவு: இவ்வளவுதான். பெரியவர் மூன்று நான்கு முறை என் கையைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் நான் புள்ளி நிலவரத்தைச் சொல்ல மறந்திருந்தேன்! எனக்கு வாய்த்த மணற்கடிகாரம் அவரே.

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. எங்கள் பள்ளி 58; விருந்தினர் 57. சில விநாடிகளே எஞ்சியிருந்தன. வளையத்தை நோக்கித் தாவிய ஏழாம் எண் பையனை, பெரியவரின் பேரனைத்தான், எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் இடித்துவிட, நடுவர் ஊதினார். இரண்டு தனி எறிகள். போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்று விழுந்தால் சமநிலை. இரண்டும் விழுந்தால் கோப்பை அவர்களுக்கு. களமே மூச்சடக்கி நின்றது. பெரியவரின் விரல்கள் என் முழங்கையை இறுகப் பற்றியிருந்தன.

முதல் எறி வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் தெறித்தது. எங்கள் பக்கத்துக் கூட்டம் ஊளையிட்டது. இரண்டாவது, பலகையில் பட்டு, வளையத்தைச் சுற்றி வந்து, வெளியே சரிந்தது. பந்தை எங்கள் பையன்கள் கைப்பற்றினர், நேரம் முடிந்தது. திடல் அதிர்ந்தது. அந்தச் சிறுவன் கோட்டிலேயே தலைகவிழ்ந்து நின்றான்.

இப்போது என்ன சொல்வது? பெரியவர் மனம் நோகாதிருக்க மழுப்புவதா? கூட்டத்தின் மகிழ்ச்சியோடு சேர்ந்து அந்தச் சிறுவனைக் கேலி செய்வதா? நான் சொன்னது இதுதான். அவன் பெயரை முழுமையாகச் சொல்லி, “முதல் எறி முன்விளிம்பில் பட்டுத் தவறியது. இரண்டாவது எறி வளையத்தைச் சுற்றி வெளியேறியது. இந்த ஆட்டத்தில் இவர் எடுத்த புள்ளிகள் 21. இரு அணியிலும் இதுவே மிகுதி. ஒரு புள்ளியில் நம் ஊர்ப் பள்ளி வென்றது” என்றேன். அவ்வளவே.

ஒரு கணம் கழித்து, எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் அணியின் தலைவன் சென்று அந்தச் சிறுவனின் தோளைத் தொட்டான். கூட்டத்தில் சிலர் கைதட்டினர். அது என் சொல்லால்தான் நேர்ந்தது என்று நான் கூற மாட்டேன். பிள்ளைகள் இயல்பிலேயே நம்மைவிட நல்லவர்கள். அதற்கு என் சொல் தடையாக இருக்கவில்லை என்ற மனநிறைவு எனக்குப் போதும்.

பெரியவர் எழுந்து என் கையைப் பற்றினார். “தவற விட்டுட்டான்னு நேராச் சொன்னீங்க. அவன் எடுத்ததையும் சொன்னீங்க. அது போதும் சார். வீட்டுல கிழவி காத்துக்கிட்டிருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்ல இன்னிக்கு எங்கிட்ட ஒரு ஆட்டமே இருக்கு” என்றார்.

இச்சொற்களில் எனக்கு இன்னோர் உண்மை விளங்கிற்று. மைக் என்னிடம் மட்டும் இல்லை. என்னிடம் கேட்டவர் வீட்டிற்குச் சென்று மனைவிக்குச் சொல்வார். மனைவி அடுத்த வீட்டுக்குச் சொல்வார். நாம் எல்லாருமே, அங்கில்லாத யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்லும் அறிவிப்பாளர்களாகவே வாழ்கிறோம்.

அன்புப் பெற்றோரே, நம் இல்லங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தந்தை வீடு திரும்புகிறார். பகலில் பிள்ளைகள் என்ன செய்தனர் என்பதை அவர் தம் கண்ணால் காணவில்லை. தாயின் வாயால்தான் காண்கிறார். மூத்தவன் உடைத்த கண்ணாடிக் குவளையை மட்டும் அந்தத் தாய் சொல்லி, அவன் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டால், அந்தத் தந்தைக்குத் தெரிவது பாதி மகன்தான். தொலைவில் இருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் மருமகளைப் பற்றிச் சொல்கிறோம். வளைகுடா நாட்டில் உழைக்கும் தம்பிக்கு ஊர்ச் செய்தி சொல்கிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுகிறோம். கேட்பவர் அங்கில்லை. அவர் நம்மை நம்பி இருளில் அமர்ந்திருக்கிறார். நாம் யாருடைய பெயரைச் சொல்கிறோம்? யாரை ‘அவர்கள்’, ‘அந்தப் பக்கத்தார்’, ‘அந்தச் சாதியார்’ என்று எண்ணாக்கிவிடுகிறோம்?

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம். பொய் சொல்லாதவரை அக்கட்டளையை மீறவில்லை என்று நிம்மதி கொள்கிறோம். ஆனால் நம் திருச்சபையின் மறைக்கல்வி அதோடு நிற்பதில்லை. இல்லாத குற்றத்தைச் சுமத்தும் அவதூறு மட்டுமன்று. உள்ள குற்றத்தையே தக்க காரணமின்றி அறியாதவரிடம் பரப்புவதும் பாவமே என்று அது கற்பிக்கிறது. அப்படியானால் ஒருவருடைய நன்மையை வேண்டுமென்றே விழுங்கிவிடுவது மட்டும் எப்படிக் குற்றமற்றதாகும்? பெரிய கப்பலைச் சிறு சுக்கான் திருப்புவதையும், பெருங்காட்டைச் சிறு பொறி எரிப்பதையும் காட்டித் திருத்தூதர் யாக்கோபு நாவைப் பற்றி எச்சரிப்பதை நாம் அறிவோம். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நம் ஆண்டவர் உரைத்ததையும் அறிவோம். பெயர் சொல்லி அழைப்பதே அன்பின் முதற்படி.

குரலைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கருவிகளைத் திருச்சபை ஒருபோதும் அற்பமாகக் கருதியதில்லை. மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் தொடங்கிவைத்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனி விதித்தொகுப்பையே வெளியிட்டது; 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடி வருகிறோம். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தொலைத்தொடர்புப் பணிகளுக்குப் பாதுகாவலராக அதிதூதர் கபிரியேலை அறிவித்தார்.

ஏன் கபிரியேல்? அவர் நாசரேத்து ஊரின் எளிய கன்னிகையை முதலில் வாழ்த்தினார். அஞ்சியபோது பெயர் சொல்லி அழைத்துத் தேற்றினார். இறைவன் சொல்லச் சொன்னதைச் சொன்னார், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பதிலைக் கேட்டார். பிறகு அகன்றார். அறிவிப்பாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேறு என்ன வேண்டும்?

இன்றும் எங்காவது மைக்கைக் கையில் எடுக்கும்போது, கம்பத்தடியில் யாரேனும் அமர்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. இருப்பதாகவே எண்ணிக்கொண்டு பேசத் தொடங்குகிறேன்.

இம்மாதம் நம் இல்லங்களிலும் ஒரு சிறு பயிற்சி செய்வோம். இரவு உணவு வேளையில், அல்லது குடும்ப செபம் முடிந்தபின், அன்று அங்கில்லாத ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு நற்செய்தி சொல்வோம். பெயர் சொல்லிச் சொல்வோம். நமக்குப் பிடித்தவரைப் பற்றிச் சொல்வது எளிது. ‘எதிரணி’யைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெயரைக் கேட்க எங்கோ ஒரு தாத்தா காது கொடுத்துக் காத்திருக்கக்கூடும்.